ஷர்க்: கடமையிலிருந்து நழுவுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'ஷர்க்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. எழுதும்போது எஸ், ஹெச், ஐ, ஆர், கே. நடுவில் ஐ இருப்பதால் பலர் 'ஷிர்க்' என்று வாசிப்பார்கள். உச்சரிப்பில் அது 'ஒர்க்' என்பதோடு எதுகை போடும் சொல். ஆங்கிலத்தில் இதே எழுத்துகளில் எழுதப்படும் அரபுச் சொல் ஒன்றும் இருக்கிறது. இறைவனுக்கு இணைவைப்பதைக் குறிக்கும் ஷிர்க் அது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. அகராதியில் தேடுபவர்கள் அடிக்கடி குழம்புவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கையடக்க அகராதிகள் இந்தச் சொல்லுக்கு 'தவிர்' என்று ஒரு பொருள் தருவதுண்டு. அது பாதிப் பொருள்தான். இனிப்பைத் தவிர்க்கிறோம், வெயிலைத் தவிர்க்கிறோம், வம்பைத் தவிர்க்கிறோம். இதில் எல்லாம் குற்றம் எதுவும் இல்லை, சில நேரம் பாராட்டுகூட உண்டு. ஒருவர் எதையோ ஷர்க் செய்தார் என்று எழுதிவிட்டால் அவர்மேல் ஒரு குற்றச்சாட்டு விழுந்துவிடுகிறது. செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது, அது அவருடையது, அது அவருக்குத் தெரியும், அவரால் செய்யவும் முடியும், இருந்தும் சத்தமில்லாமல் நழுவிக்கொண்டார் என்று இத்தனையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். இதில் ஏதாவது ஒன்று இல்லை என்றாலும் அந்தச் சொல் அங்கே பொருந்தாது.

ஒரு மருத்துவமனையின் இரவு வார்டை எடுத்துக்கொள்ளலாம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியின் வெப்பநிலையையும் நாடித்துடிப்பையும் பார்த்து அட்டையில் குறிக்க வேண்டும். ஐந்து செவிலியர்கள், ஐந்து இரவுகள். விடிந்ததும் பார்த்தால் ஐந்து இரவிலும் அதிகாலைக் கணக்கு சரியாக எடுக்கப்படவில்லை. முதலாமவர் அடுத்த கட்டிலில் மூச்சுத் திணறிய நோயாளியோடு ஒரு மணி நேரம் போராடிக்கொண்டிருந்தார். அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டாமவர் மறந்துவிட்டார். அது கவனக்குறைவு, ஆங்கிலத்தில் 'நெக்லெக்ட்'. மூன்றாமவர் பணிக்குப் புதியவர், அந்த வார்டில் அதிகாலையிலும் கணக்கெடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. நான்காமவர், ஆள் போதாமல் இனி இரட்டை வார்டு பார்க்க மாட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் நேரடியாகச் சொல்லிவிட்டார். அது மறுப்பு, 'ரெஃப்யூஸ்'. ஐந்தாமவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. முந்தைய கணக்கைப் பார்த்து, அதை ஒட்டி ஓர் எண்ணை எழுதிவைத்துவிட்டார். ஷர்க் என்ற சொல் இந்த ஐந்தாமவருக்கு மட்டுமே உரியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஐந்து இரவும் ஒன்றுபோலத்தான் தெரியும். விசாரித்தால்தான் ஐந்தும் வேறு வேறு என்பது புரியும்.

நான்காமவரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வெளிப்படையாக 'மாட்டேன்' என்பவர் விளைவுக்குத் தயாராக நிற்கிறார். ஷர்க் செய்பவர் அப்படி நிற்பதில்லை. வேலை நடந்துவிட்டது என்ற தோற்றமும் வேண்டும், வேலை செய்த களைப்பும் கூடாது. ஒளிவுமறைவு இந்தச் சொல்லோடு கூடப் பிறந்தது என்றே சொல்லலாம். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தில் இது தலைகாட்டியபோது ஏமாற்றிப் பிழைப்பது, அடுத்தவர் உழைப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்வது என்ற பொருளில்தான் வழங்கியது. அப்படிப்பட்ட ஆளையும் 'ஷர்க்' என்றே அழைத்தார்கள். அயோக்கியன் என்று பொருள்படும் 'ஷுர்கெ' என்ற ஜெர்மன் சொல்லோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்கள் சிலரின் ஊகம். கடமையிலிருந்து நழுவுவது என்ற இன்றைய பொருள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைத்தது. ஏமாற்று என்ற பழைய வாசம் இன்றும் போகவில்லை. 'ஷர்க்கர்' என்று ஒருவரைச் சொன்னால் சுருக்கென்று தைப்பதற்கு அதுதான் காரணம்.

சரி, வாக்கியத்தில் எப்படி வைப்பது? இது பெரும்பாலும் ஒரு செயப்படுபொருளை நேரடியாக எடுத்துக்கொள்ளும். 'ஷர்க் ரெஸ்பான்சிபிலிட்டி', 'ஷர்க் டியூட்டி', 'ஷர்க் ஆப்ளிகேஷன்' ஆகியவைதான் அதிகம் காணப்படும் சேர்க்கைகள். அந்த இடத்தில் வருவது கடன்பட்ட ஒன்றாக, நாம் செய்தே தீரவேண்டிய ஒன்றாக இருக்க வேண்டும். மழையை ஷர்க் செய்ய முடியாது, போக்குவரத்து நெரிசலையும் முடியாது. அவற்றுக்கு 'அவாய்ட்' இருக்கிறது. செயப்படுபொருள் இல்லாமல் 'அவன் ஷர்க் செய்கிறான்' என்று தனியாகவும் வரும். அப்போது வேலைநேரத்தில் வேலை செய்யாமல் இருக்கிறான் என்று பொருள். பின்னால் இன்னொரு வினை வரவேண்டுமானால் அது 'இங்' வடிவத்தில்தான் வரும், 'டு' போட்டு எழுதுவது பிழை. நடுவில் 'ஃப்ரம்' சேர்ப்பதும் சேர்க்காததும் அவரவர் விருப்பம்.

எதிர்மறையில் வரும்போது இந்தச் சொல் அப்படியே பாராட்டாக மாறிவிடும். 'கடினமான முடிவுகளை அவர் ஒருபோதும் ஷர்க் செய்ததில்லை' என்பது தலைவர்களைப் பற்றிய இரங்கல் குறிப்புகளிலும் பரிந்துரைக் கடிதங்களிலும் பார்க்கக்கூடிய வாக்கிய வகை. தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்தப் பயன்பாட்டைத் தவறவிடக் கூடாது. வாக்கியத்தில் 'நாட்' ஒளிந்திருப்பதைக் கவனிக்காமல் பொருளைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு மதிப்பெண் இழப்பது எளிது.

இன்னொரு குழப்பம் 'ஷ்ரிங்க்' என்ற சொல்லோடு வருகிறது. அது சுருங்குவது. 'ஷ்ரிங்க் ஃப்ரம்' என்றால் அச்சத்தாலோ அருவருப்பாலோ கூச்சத்தாலோ பின்வாங்குவது. ஒலி நெருக்கம், பின்னால் 'ஃப்ரம்' வருவதிலும் நெருக்கம், அதனால் எழுதுபவர்களே மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். கெட்ட செய்தியை நோயாளியின் குடும்பத்திடம் சொல்லத் தயங்கி வாசலில் நிற்கும் மருத்துவர் ஷ்ரிங்க் ஆகிறார். அதைச் சொல்லாமலேயே பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடுபவர் ஷர்க் செய்கிறார். முதலாவது ஓர் உணர்ச்சி, யாருக்கும் வரலாம். இரண்டாவது ஒரு செயல்.

பக்கத்தில் இருக்கும் சொற்களையும் பார்த்துவிடலாம். 'எவேட்' என்பதில் சாமர்த்தியம் கூடுதல். வரி விஷயத்தில் இந்த வேறுபாடு சட்டபூர்வமானது. சட்டம் அனுமதிக்கும் வழியில் வரியைக் குறைத்துக்கொள்வது 'அவாய்டன்ஸ்', வருமானத்தை மறைத்து ஏய்ப்பது 'எவேஷன்'. பின்னதற்குத் தண்டனை உண்டு. 'டாட்ஜ்' என்றால் சட்டென்று விலகித் தப்புவது. கட்டாய ராணுவச் சேவையிலிருந்து தப்புபவரை 'டிராஃப்ட் டாட்ஜர்' என்பார்கள். 'மலிங்கர்' என்றால் வேலைக்குப் போகாமல் இருக்க நோய் வந்ததுபோல் நடிப்பது. 'அப்டிகேட்' பெரிய நாற்காலிகளுக்கான சொல், அரியணையைத் துறப்பது அல்லது பொறுப்பில் இருந்துகொண்டே பொறுப்பைத் துறப்பது. 'ஸ்கைவ்' பிரிட்டனின் பேச்சுவழக்கு, வேலைக்கோ பள்ளிக்கோ மட்டம் போடுவது.

தமிழில் இதற்கெல்லாம் பஞ்சமே இல்லை. பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்பதுதான் ஷர்க் என்பதற்கு மிக நெருக்கமானது. சாக்குப்போக்கும் நழுவலும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. வேலைக்கு வராமல் இருந்தால் மட்டம் போடுவது, வந்துவிட்டு வேலை செய்யாமல் இருந்தால் ஓபி அடிப்பது, தேடி வருபவரின் கண்ணில் படாமல் போனால் டிமிக்கி கொடுப்பது, தன் வேலையை அடுத்தவருக்குத் தள்ளினால் அவர் தலையில் கட்டுவது, இனி எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றால் கைகழுவுவது. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வியப்பளிக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் 'கடமையைத் தவிர்த்தார்' என்று தட்டையாக எழுதாமல், ஆள் எந்த விதத்தில் நழுவினார் என்று பார்த்து இவற்றில் ஒன்றை எடுத்தால் வாக்கியம் உயிரோடு நிற்கும்.

நம் பழமொழிகளிலும் இந்தப் பாகுபாடு தெளிவாக இருக்கிறது. 'வேலைக்கள்ளிக்குப் பிள்ளைமேல் சாக்கு' என்பது ஷர்க் செய்பவரைப் பற்றியது. வேலை செய்யத் தெரியும், முடியும், மனம்தான் இல்லை, அதற்குக் குழந்தை ஒரு சாக்கு. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பதும் சாக்கைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அங்கே குறை திறமையில். அவளை ஷர்க்கர் என்று சொல்ல முடியாது.

இந்தச் சொல்லை மிக ஆழமாக எடுத்துக்கொண்டவர்கள் மொழியறிஞர்களைவிடப் பொருளாதார அறிஞர்கள்தான். 1972-இல் ஆர்மென் அல்ச்சியன், ஹெரால்ட் டெம்செட்ஸ் இருவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் ஷர்க்கிங் ஒரு கலைச்சொல்லாகவே வருகிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கனமான சரக்கை லாரியில் ஏற்றுகிறார்கள். மொத்தம் எவ்வளவு ஏற்றினார்கள் என்று எடைபோட்டுச் சொல்லிவிடலாம். யார் எவ்வளவு தூக்கினார் என்று மட்டும் சொல்ல முடியாது. ஒருவர் கையைச் சும்மா கொடுத்துவிட்டுப் பாரத்தை மற்றவர்மேல் விட்டால், சேமித்த உழைப்பு முழுவதும் அவருக்கு, குறைந்த விளைச்சலின் நட்டம் இருவருக்கும். அப்படியானால் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும். அந்தக் கண்காணிப்பாளர் ஓபி அடித்தால் என்ன செய்வது? மிஞ்சும் லாபத்தை அவருக்கே கொடுத்துவிட்டால் அவர் கண்ணை மூடமாட்டார் என்பது அவர்கள் தந்த விடை. நிறுவனம் என்ற ஏற்பாடும் முதலாளி என்ற பாத்திரமும் உருவானதற்கு இதை ஒரு காரணமாக அவர்கள் முன்வைத்தார்கள்.

1984-இல் கார்ல் ஷாப்பிரோவும், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் இதே சொல்லை வைத்து வேலையின்மையை விளக்கினார்கள். வேலை போனாலும் மறுநாளே அதே சம்பளத்தில் இன்னொரு வேலை கிடைக்கும் என்றால் நழுவுவதால் இழப்பதற்கு எதுவும் இல்லை. எனவே, வேலையை இழந்தால் வலிக்கும்படி நிறுவனங்கள் சம்பளத்தைச் சற்று கூட்டிக் கொடுக்கின்றன. எல்லா நிறுவனங்களும் கூட்டும்போது அந்தச் சம்பளத்தில் எல்லோருக்கும் வேலை கொடுக்க முடியாமல் போகிறது, ஒரு பகுதியினர் வெளியே நிற்கிறார்கள். அவர்கள் வெளியே நிற்பதைப் பார்த்து உள்ளே இருப்பவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்கள். தர்க்கம் கச்சிதமானது, ஆனால் படிக்கும்போது மனம் கனக்கிறது.

இந்தப் பொருளாதார மாதிரிகளில் தொழிலாளி நழுவுகிறாரா இல்லையா என்பது ஒரு குறியீடாக நின்றுவிடும். நிஜத்தில் அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை சான்று. பிரான்ஸின் வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து விசையை அளந்தார், முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவர் காட்டும் விசையை 100 என்று வைத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது தலைக்குக் கிடைத்தது அதில் கிட்டத்தட்ட பாதிதான். கூட்டத்தில் ஒளிந்துகொண்டு ஓபி அடிக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். ஆனால் எட்டுப் பேரும் ஒரே நொடியில், ஒரே திசையில் இழுப்பது சாத்தியமே இல்லை. அந்த ஒத்திசைவுக் குறையிலேயே கணிசமான விசை வீணாகிவிடும், அதில் யாருடைய குற்றமும் இல்லை.

இரண்டையும் பிரிக்க ஆலன் இங்ஹாமும் அவர் குழுவினரும் 1974-இல் ஓர் உத்தி செய்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். உண்மையில் அவர் ஒருவர்தான் இழுக்கிறார், ஆனால் கூட்டமாக இழுப்பதாக நம்புகிறார். அப்போதும் அவர் விசை குறைந்தது. ரிங்கல்மான் கண்ட அளவுக்கு இல்லை, ஓரளவு. ஆக, நழுவலும் இருக்கிறது, வெறும் ஒத்திசைவுக் குறையும் இருக்கிறது. 1979-இல் பிப் லட்டானே, கிப்லிங் வில்லியம்ஸ், ஸ்டீபன் ஹார்கின்ஸ் மூவரும் கைதட்டல், கூச்சல் ஆகியவற்றை வைத்து இதையே சோதித்து, இதற்கு 'சோஷியல் லோஃபிங்' என்று பெயரிட்டார்கள். ஒவ்வொருவரின் பங்கும் தனியாக அளக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டால் அந்தச் சோம்பல் மறைந்துவிடுவதையும் அவர்கள் பின்னர் காட்டினார்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள்மேலும் இதே சந்தேகம் விழுந்தது. 'ஒர்க்கிங் ஃப்ரம் ஹோம்' என்பதைத் திரித்து 'ஷர்க்கிங் ஃப்ரம் ஹோம்' என்று கேலி செய்தார்கள், இரண்டு சொல்லும் எதுகையாக அமைந்தது கேலிக்கு வசதியாகப் போயிற்று. சீனாவின் சீட்ரிப் பயண நிறுவனத்தில் நிக்கோலஸ் ப்ளூமும் சக ஆய்வாளர்களும் இதை நேரடியாகச் சோதித்தார்கள். விருப்பம் தெரிவித்த அழைப்பு மைய ஊழியர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒற்றைப்படைக்காரர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். ஒன்பது மாதங்களில் வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியிருந்தது. இடைவேளைகளும் நோய் விடுப்பும் குறைந்து வேலை நேரம் கூடியதே அதற்குப் பெரிய காரணம். 2015-இல் இது வெளியானது. எல்லா வேலைக்கும் இந்த முடிவைப் பொருத்திவிட முடியாது. அழைப்புகளை எண்ணிவிடலாம், எண்ண முடியாத வேலைகள் ஏராளம். ஆனாலும் கண்ணில் படாதவர் நழுவுகிறார் என்ற அனுமானம் அங்கே பொய்த்தது.

வேகம் குறைவாக வேலை செய்வதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதை அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட்ரிக் வின்ஸ்லோ டெய்லர் 1911-இல் கடுமையாகச் சாடினார். அமெரிக்காவில் அதற்கு அன்று 'சோல்ஜரிங்' என்று பெயர். ஆனால் அவரே ஒன்றை ஒப்புக்கொண்டார். செய்துமுடிக்கும் ஒரு பொருளுக்கு இவ்வளவு கூலி என்று வேலை செய்பவர் வேகத்தைக் கூட்டி அதிகம் சம்பாதித்தால், முதலாளி ஒரு பொருளுக்கான கூலியைக் குறைத்துவிடுகிறார். இரண்டு முறை அப்படி நடந்தபின் எந்தத் தொழிலாளி வேகமாகச் செய்வார்? அதை நழுவல் என்பதா, தற்காப்பு என்பதா? நான் தற்காப்பு என்றே சொல்வேன்.

போர்க்காலத்தில் இந்தச் சொல் எடுத்த வடிவம்தான் மிகக் கொடியது. முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் சீருடை அணியாத இளைஞர்களின் கையில் பெண்கள் வெள்ளை இறகைத் திணித்தார்கள். கோழை, ஷர்க்கர் என்று பொருள். விடுப்பில் வந்த வீரர்களும், காயம்பட்டு ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களும்கூட அதை வாங்கிக்கொள்ள நேர்ந்தது. காயத்தாலோ நோயாலோ விடுவிக்கப்பட்டவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள 1916-இல் அரசு வெள்ளிச் சின்னம் ஒன்றைக் கொடுத்தது. நான் நழுவவில்லை என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டிய நிலை.

அதே 1916 அக்டோபரில் ஜெர்மனியில் நடந்தது இன்னும் மோசம். யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் நழுவுகிறார்கள் என்ற வதந்தியை முன்னிட்டு, ராணுவத்தில் உள்ள யூதர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுக்கப் போர் அமைச்சகம் உத்தரவிட்டது. போர் முடியும்வரை முடிவுகள் வெளியிடப்படவில்லை. சுமார் 1,00,000 யூதர்கள் ஜெர்மன் ராணுவத்தில் பணியாற்றினார்கள், சுமார் 12,000 பேர் உயிரிழந்தார்கள். ஆனால் எண்கள் மறைக்கப்பட்டதால் பழி மட்டும் நின்றது. போருக்குப்பின் யூத வெறுப்பைப் பரப்பியவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு தூரம் வந்தபின், அன்றாட எழுத்தில் இதை எங்கே பயன்படுத்துவது என்ற கேள்விக்கு விடை ஓரளவு தெளிவாகிவிடும். அரசும் நிறுவனமும் சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்யாமல் குழு அமைப்பதும் கோப்பைச் சுற்றவிடுவதுமாக இருந்தால், 'ஷர்க்ட் இட்ஸ் ரெஸ்பான்சிபிலிட்டி' என்று தாராளமாக எழுதலாம். கடமை எழுத்தில் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது, தெரியாது என்று சொல்ல வழியில்லை. தனிமனிதரைப் பற்றிய அலுவலகக் குறிப்பில் எழுதும்போது கை சற்றுத் தயங்கட்டும். 'ஷர்க்ட்' என்று எழுதினால் அவர் மனதில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறீர்கள், விசாரணை என்று வந்தால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். 'ஃபெயில்ட் டு கம்ப்ளீட்' என்றால் வேலை முடியவில்லை என்ற செய்தி மட்டும் போகும். 'நெக்லெக்டட்' என்றால் கவனம் போதவில்லை என்பது போகும். வார்டு அட்டையில் பார்க்காமலேயே எண் எழுதினார் என்பதற்குச் சாட்சி இருந்தால், அப்போது 'ஷர்க்ட்' என்று எழுதுங்கள், எந்தத் தேதியில், எந்த அட்டையில் என்பதையும் சேர்த்து.